மயக்கம் வேண்டாம் என்ற மனோன்மணி

என் நாத்தனார் மனோன்மணி எங்கள் வீட்டுக்கு வராத நாளே கிடையாது. எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்த நாளும் கிடையாது. பதினோரு வருஷம் இப்படியே ஓட்டினாள். காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நுழைவாள். நான் அரிந்து வைத்திருக்கும் கத்தரிக்காயைப் பார்த்து, "இவ்ளோ பெருசாவா அரியறது?" என்பாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலை வாரிப் பின்னிவிடுவாள். என் கணவரிடம், அதாவது தன் தம்பி வர்த்தமானனிடம், நெல் விலை பேசுவாள். காபியை நீட்டினால் மட்டும் கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். "இப்பத்தான் குடிச்சேன், வேணாம் லீலா" என்பாள். அவள் சொன்னதை நம்பினால், ஆரணியில் அவளைப்போலக் காபி குடித்தவர்கள் யாருமே இருக்க முடியாது.

கணவரின் அக்காளை எங்கள் பக்கம் அண்ணி என்றுதான் கூப்பிடுவது. நேரில் நான் "வாங்க அண்ணி, உக்காருங்க அண்ணி" என்று மரியாதையாகத்தான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் அவள் என்றுதான் வருகிறது. அத்தனை சண்டை போட்டிருக்கிறோம், அந்த உரிமையாக இருக்கும். இன்று உயிரோடு இருந்திருந்தால் இதற்கும் ஒரு பாட்டு பாடியிருப்பாள்.

நாங்கள் ஜைனர்கள். தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்து ஊர்களில் பயிர் வைத்தும் நெல் மண்டி நடத்தியும் பிழைக்கிறவர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது, தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கக் கூடாது என்று எங்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. மற்றவர்கள் முடிந்தவரை கடைப்பிடித்தோம். மனோன்மணி முடியாத இடத்திலும் கடைப்பிடித்தாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இடுப்பில் ஒரு வெள்ளைத் துணியைச் செருகிக்கொண்டு போய், அங்கே குழாயைக் கண்டதும் அதன் வாயில் கட்டுவாள். சமையல்காரர்கள் அவளைக் கண்டாலே முணுமுணுப்பார்கள்.

பட்டு விஷயத்தில் இன்னும் மோசம். எங்கள் ஆட்களில் பட்டு உடுத்துகிறவர்கள் நிறைய. அவள் தன் கல்யாணத்துக்கே உடுத்தவில்லை. "கொதிக்கிற தண்ணில எத்தினி உசுரு போயிருக்கும்?" என்பாள். ஆனால் பட்டுக்கு நிறம் சொல்ல அவளைவிட்டால் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளும் அவள் புருஷனும் தறி வைத்திருந்தார்கள். சாயம் தோய்த்த நூல்கட்டைக் கம்பில் மாட்டிக் காயப் போட்டால் போதும், அண்ணி சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டு, "ஏம்மா, இதுக்கு இன்னா கரை போடப் போறீங்க?" என்று ஆரம்பித்துவிடுவாள். தொட மாட்டாள். தள்ளி நின்று சொல்வாள். அவள் சொன்ன நிறத்தில் நெய்தால் சேலை தங்கவில்லை, உடனே விற்றுப்போகிறது என்று பச்சையம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்ததில், முகூர்த்தப் புடவைக்கு யோசனை கேட்க வேற்றுத் தெருக்காரர்கள்கூட வந்தார்கள்.

இனி அந்தக் காபிக்கு வருகிறேன்.

எழுபதாம் வருஷம் என் மாமியார் ரத்னாவதிக்குக் குடல் இறக்கம் திடீரென்று முறுக்கிக்கொண்டது. பக்கத்து ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடனே அறுக்க வேண்டும், வயதாகிவிட்டது, மயக்கம் தெளியாமலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். அறுக்காவிட்டால் விடியும்வரை தாங்காது என்றும் சொன்னார். என் கணவர் கையெழுத்துப் போட்டார். மனோன்மணி அப்போது சேத்துப்பட்டுக்கு அப்பால் புகுந்த வீட்டில் இருந்தாள். சேதி கேட்டு பஸ் பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு நினைவில்லை. அதன்பின் நினைவு வரவே இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

எங்களில் ஒருவர் சாகும் தறுவாயில் இருந்தால் காதில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே இருப்போம். அதைக் கேட்டுக்கொண்டு, முடிந்தால் வாயால் சொல்லிக்கொண்டு, நினைவோடு போக வேண்டும். அதுதான் நல்ல சாவு. நாங்கள் எல்லோரும் மாறி மாறிச் சொன்னோம். மாமியார் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "வலி தெரியாம போனாங்களே, அந்த மட்டும் நல்லது" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள்.

"வலி தெரியலன்னா மந்திரமும் தெரியல" என்றாள் மனோன்மணி. பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "நீதானடா மயக்கம் குடுக்கச் சொல்லிக் கையெழுத்து போட்டே."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காரியத்தன்று எங்கள் வீட்டில் கை நனைக்காமல் போனாள். மறு வருஷம் அவள் புருஷன் சந்திரப்பிரபு ஆரணியில் மண்டி வைத்து, குடும்பமும் எங்கள் தெருவுக்குப் பின் தெருவுக்கே வந்துவிட்டது. தினமும் வந்தாள், அதட்டினாள், சிரித்தாள். சாப்பிட மட்டும் இல்லை. பேசாமல் இருந்திருந்தால் என் கணவர் தாங்கியிருப்பார். வந்துகொண்டே இப்படிச் செய்ததுதான் அவரைத் தின்றது. நான் காபியை நீட்டும்போதெல்லாம் பேப்பர் படிப்பதுபோல இருந்துகொண்டு அவள் கையையே பார்ப்பார். கை பின்னால் போனதும் பேப்பரைத் திருப்புவார். பெற்றவளைக் காப்பாற்றப் போட்ட கையெழுத்துக்கு ஒரு மனுஷனுக்கு இத்தனை தண்டனையா? அவருக்கு வேறு ஆசையே கிடையாது. அக்கா ஒரு நாள் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும்.

எழுபத்தெட்டில் மனோன்மணி, தானே வடிகட்டிய தண்ணீர் அண்டாவைத் தானே தூக்கினாள். வேறு யார் தூக்கினாலும் ஏதாவது விழுந்துவிடுமாம். இடுப்பில் சொடக்கென்று ஏதோ விட்டுப்போனது. வலி இடது தொடை வழியாகக் கணுக்கால்வரை இறங்கியது. மணலை வறுத்து ஒத்தடம் கொடுத்தோம். சந்தவாசலில் ஒருவர் எண்ணெய் போட்டு நீவினார், இரண்டு நாள் நன்றாக இருந்தது. பெல்ட் போட்டாள். மூன்று வருஷம் நின்றால் வலி, உட்கார்ந்தால் வலி, தும்மினால் உயிர் போகும். அப்படியும் சுவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் அவள் வாசலில் ஏறி உள்ளே வந்தபின்தான் பார்த்தேன், இடது கால் செருப்பு தெருவிலேயே கிடந்தது. கழன்றது அவளுக்குத் தெரியவில்லை. என் கணவர் எடுத்து வந்து காலருகில் போட்டார். "வேலூருக்குப் போலாங்கா" என்றார். "நீ இன்னொரு கையெழுத்து போடணுமா?" என்றாள் அவள். அவர் பின்கட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு நான் மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு அண்ணியை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவளும் விடவில்லை. பச்சையம்மாள் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

ஆனாலும் அடுத்த வாரம் வேலூருக்குப் போனோம். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கால் விழுந்துவிடும் என்றார் பெரிய டாக்டர். "மயக்கம் குடுத்துத்தான் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள். சந்திரப்பிரபு அண்ணன் கெஞ்சினார். அசையவில்லை.

அப்போதுதான் டாக்டர் ஜெயம் வந்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். சின்ன வயது, பெரிய மூக்குத்தி. "செத்துப் போயிடுவோம்னு பயமாம்மா?" என்று கேட்டார்.

"சாவுக்கு இன்னா பயம்? தூங்கிகினே போயிடுவனோன்னுதான் பயம்" என்றாள் மனோன்மணி. அம்மா கதையைச் சொன்னாள், மந்திரத்தைச் சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ மயக்கமே வேணாம். முதுகுத்தண்டுல ஒரு ஊசி போடறேன். இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப் போயிடும். வலி தெரியாது. நீங்க முழிச்சிக்கிட்டே இருக்கலாம்."

"முழிச்சிகினேவா? அறுக்கும்போதா?"

"முழிச்சிக்கிட்டேதான். மந்திரம் சொல்லுங்க. பேசக்கூடச் செய்யலாம்."

பேசலாம் என்று மட்டும் அந்த டாக்டர் சொல்லியிருக்க வேண்டாம். எங்கள் அண்ணியைத் தெரியாமல் சொல்லிவிட்டார். அண்ணி முகம் அன்றுபோல மலர்ந்து நான் மூன்று வருஷத்தில் பார்த்ததில்லை. தானே கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் அன்று என் கணவரும் எங்களோடு பஸ்ஸில் வந்தார். ஆனால் ஆஸ்பத்திரிக் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. எதிர்ச் சாரியில் டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "நீ போ லீலா. நான் உள்ள வந்தா அதுக்கு ஏதாச்சும் ஆயிடும்" என்றார். படித்த மனுஷர், இப்படிப் பேசினார். நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன், பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

உள்ளே நடந்ததை எனக்கு இரண்டு பேர் சொன்னார்கள். டாக்டர் ஜெயம் சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணி அழுதுகொண்டே சொன்னாள். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, மோவாயை நெஞ்சில் புதைக்கச் சொன்னார்களாம். முதுகில் சில்லென்று ஏதோ தடவினார்கள். ஊசி இறங்கியபோது எறும்பு கடித்த வலிதான். பிறகு பிட்டத்திலிருந்து பாதம்வரை வெதுவெதுப்பாக இறங்கியது. அந்த வெதுவெதுப்புப் போன இடமெல்லாம் வலி போனது. மூன்று வருஷமாகக் கூடவே இருந்த வலி, தும்மவிடாத வலி, ஒரு நொடியில் இல்லை. பின்னாளில் இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் கண் மூடிக்கொள்ளும். "இன்னா சொகம் தெரியுமா லீலா! கல்யாணமான புதுசுலகூட அப்படிப் படுத்ததில்ல" என்பாள். சந்திரப்பிரபு அண்ணன் பக்கத்தில் இருந்தால் எழுந்து போய்விடுவார்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வயிற்றில், தொடையில் வைத்து வைத்துக் கேட்டார்கள். சில்லென்று தெரியாத இடம் எதுவரை என்று பார்த்தபின் குப்புறத் திருப்பி, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தலையணை கொடுத்து, மேலே பச்சைத் துணி போட்டு மூடினார்கள். டாக்டர் ஜெயம் தலைமாட்டில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டார். அண்ணி மந்திரத்தைத் தொடங்கினாள். முனகலாக இல்லை, கோயிலில் சொல்வதுபோல உரக்க. பெரிய டாக்டர் முதலில் முகம் சுளித்தாராம். பிறகு பழகிவிட்டது. பின்னால் யாரோ அமுக்குவதுபோலவும் இழுப்பதுபோலவும் தெரிந்தது, வலி மட்டும் இல்லை. மந்திரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

பாதி வேலையில் நர்ஸ் ஒருத்தி டாக்டர் ஜெயத்தைக் கேட்டாள்: "தங்கச்சி கல்யாணத்துக்குப் புடவை எடுத்தாச்சா டாக்டர்?"

"எங்க! ஆரணிலதான் நெய்யக் குடுக்கணும்னு அம்மா சொல்றாங்க. மாம்பழ மஞ்சள்ல உடம்பு, கிளிப்பச்சைக் கரை."

மந்திரம் மூன்றாம் அடியில் நின்றுபோனது.

டாக்டர் ஜெயம் பதறிப்போய்க் குனிந்து, "என்னம்மா? என்ன பண்ணுது? மூச்சு முட்டுதா?" என்று கேட்டிருக்கிறார். பெரிய டாக்டர் கையை எடுத்துவிட்டார். எல்லோரும் அசையாமல் நின்றார்களாம்.

துணிக்கு அடியிலிருந்து என் நாத்தனார் குரல் வந்தது: "பொண்ணு இன்னா நெறம்?"

"ஆ?"

"மாநெறம்னா கிளிப்பச்சை எடுக்காதம்மா. அரக்குக் கரை போடச் சொல்லு. முந்தியும் அரக்கே இருக்கட்டும். சரிகைய ஜாஸ்தி வெக்காத, மஞ்சளே எடுத்துக் காட்டும்."

பெரிய டாக்டர் சிரித்துவிட்டு, "அம்மா, நரம்புகிட்ட இருக்கேன், கொஞ்சம் சும்மா இருங்க" என்றாராம். சும்மா இருப்பாளா? தையல் போட்டு முடிக்கும்வரை அந்த நர்ஸுக்கு ஒன்று, டாக்டர் ஜெயத்தின் அம்மாவுக்கு ஒன்று என்று புடவைக்கு நிறம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"உங்க நாத்தனார் எங்க வீட்டுக் கல்யாணத்துக்கே ஜவுளி எடுத்துக் குடுத்துட்டாங்க. டிஸ்க் நல்லபடியா எடுத்தாச்சு" என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது நானும் சிரித்தேன். கேட்டுக்கு ஓடிப்போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உசுரோட இருக்குதில்ல?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணியைத் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் தலையைத் தூக்கக் கூடாது, தூக்கினால் மண்டை பிளக்கும் என்றார்கள். கால் இரண்டும் இன்னும் மரத்துத்தான் கிடந்தன. நான் தொட்டேன். "வேற யாரோட காலோ மாதிரி கெடக்குது" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டாள். சாயங்காலம் விரல் அசைந்தது, உணர்ச்சி வந்தது, கூடவே தையல் வலியும் வந்தது. அப்போதும் பேசவில்லை. மறு நாளும் பேசவில்லை. பக்கத்துக் கட்டில்காரியின் மருமகள் கஞ்சியைச் சிந்தினாள், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. காலுக்கு ஊசி போட்டு வாயும் மரத்துவிட்டதா?

தலையைத் தூக்கலாம் என்று சொன்ன அன்று மத்தியானம், கஞ்சி ஊட்டும்போது பொலபொலவென்று அழுதாள்.

"லீலா, நான் மந்திரத்த உட்டுட்டேன்."

"அதனால இன்னா அண்ணி?"

"முழிச்சிகினு இருக்கணும்னு எத்தினி பேர பேஜார் பண்ணேன். முழிச்சிகினு இருந்து இன்னா பண்ணேன்? பட்டுப் புடவைக்கு நெறம் சொல்லிகினு இருந்தேன். பட்டுக்கு! அந்த நேரம் உசுரு போயிருந்தா பட்டு நெனப்புலதான போயிருக்கும்? யாரு எனக்கு மயக்கம் குடுத்தா? யாரும் குடுக்கலியே."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். "உங்க தம்பி இன்னிக்கும் கேட்டுலதான் நிக்கறாரு. அவருகிட்டச் சொல்லுங்க" என்றேன். தலையாட்டினாள். ஆனால் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து படுத்திருந்த நாட்களில் அவர் போய்ப் பார்த்தபோதும் சொல்லவில்லை.

நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் சொன்னபின், ஒரு சாயங்காலம் அவளே வந்தாள். இரண்டு காலிலும் செருப்போடு, சுவரைப் பிடிக்காமல். என் கணவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு எழுந்து நின்றார்.

"உக்காரு தம்பி" என்றாள். தானும் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். புடவைக் கதையை முழுக்கச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. "முழிச்சிகினு இருந்த நானே அந்த லட்சணம். அம்மா தூங்கிகினு போனதுக்கு உன்ன இத்தினி வருஷம் வாட்டிட்டேன். அம்மாவுக்கு நெனவு இருந்திருந்தா மட்டும் மந்திரத்துல இருந்திருப்பான்னு நான் இன்னா கண்டேன்?"

என் கணவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "அம்மா மந்திரம் சொல்லலக்கா" என்றார்.

"இன்னா சொல்ற?"

"உள்ள தள்ளிகினு போறப்ப கதவு வரைக்கும் நான் கூடவே போனேன். நல்ல நெனவு. மந்திரம் சொல்லும்மான்னு சொன்னேன். அது காதுல வாங்கல. 'மனோன்மணி பஸ்ல வந்துகினு இருப்பா, பொழுது சாஞ்சிடப் போவுது, அப்புறம் சாப்பிட மாட்டா, வந்ததும் மொதல்ல அவளுக்குச் சோறு போடு'ன்னுச்சு. அதான் கடைசிப் பேச்சு."

எனக்கே அது தெரியாது. பதினோரு வருஷம் பக்கத்தில் படுத்த எனக்கே சொல்லவில்லை.

"ஏண்டா சொல்லல?" என்றாள் மனோன்மணி.

"கடைசி வார்த்தை மந்திரமா இல்லியேன்னு நீ இன்னும் அழுவே. அதான் சொல்லல. அன்னிக்கி நீ வந்து சேரும்போது பொழுது சாஞ்சிடுச்சி. அதுக்கப்புறம் நீ கையே நனைக்கல. அம்மா எனக்கு ஒரே ஒரு வேலதான் சொல்லிச்சு. அத இன்னும் நான் செய்யலக்கா."

அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணி அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் வெயில் எதுவரை இருக்கிறது என்று பார்த்தாள். மஞ்சள் வெயில் எதிர் வீட்டுக் கூரையில் இன்னும் இருந்தது.

"லீலா, நின்னுகினு இன்னா பாக்கற? சோறு இருக்குதா?" என்றாள்.

நான் அடுப்பங்கரைக்கு ஓடினேன். என் கணவர் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். கல்யாணமானதிலிருந்து ஒரு தம்ளர்கூட எடுத்து வைக்காத மனுஷர். இலையைத் திருப்பிப் போட்டார். சோற்றைக் கரண்டியால் அள்ளத் தெரியாமல் கையால் அள்ளி அள்ளி வைத்தார். குழம்பை இலை நடுவில் ஊற்றியதில் அது தரைக்கு ஓடியது. எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்கிற மனோன்மணி அன்று ஒன்றும் சொல்லவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை. குனிந்த தலை நிமிராமல் அத்தனை சோற்றையும் சாப்பிட்டாள்.